ஈஸ்டர்ன் ரயில்வே ஆடும் நாளில்

கொல்கத்தாவில் வளரும் பையனிடம் பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு எல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி எந்தக் கால்பந்து கிளப் பக்கம் என்பதுதான், "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்னிடம் இதைக் கேட்டவர் கீழ்வீட்டுக் காக்கு. வங்காளத்தில் காக்கு என்றால் சித்தப்பா. 1982, எனக்கு எட்டு வயது. நான் யோசிக்காமல் "ஈஸ்டர்ன் ரயில்வே" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அவர் மனைவி காக்கிமாவைக் கூப்பிட்டு, "இங்கே வா, இந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று கேள்" என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எனக்கு 'ரயில் பையன்' என்றே பெயர்.

அப்பா ஃபேர்லி பிளேஸில் வேலை பார்த்தார். ஈஸ்டர்ன் ரயில்வேயின் தலைமை அலுவலகம், ஹூக்ளி ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கட்டடம். மாயவரத்திலிருந்து 1963-ல் இருபத்திரண்டு வயதில் வந்தவர். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. லேக் மார்க்கெட் பக்கம் நாலைந்து தமிழ்ப் பையன்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தார், சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர், "வா, நம்ம டீம் ஆடுகிறது" என்று கிளப்புகள் ஆடும் மைதான் என்ற திறந்த வெளிக்குக் கூட்டிப்போனார். அப்போது அந்த டீமில் ஆடிக்கொண்டிருந்தவர் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்குத் தலைவர், பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டவர், 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டுத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், பெரிய கிளப்புகள் எதற்கும் போகாமல் 1955 தொடங்கிக் கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடினார். மாயவரத்துப் பையனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

இன்னொரு விஷயமும் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து மைதானில் தென்னாட்டுப் பெயர்கள் நிறையக் கேட்கும். ஈஸ்ட் பெங்காலின் பழைய 'பஞ்ச பாண்டவர்' முன்வரிசையில் அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என்று ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள். அது அப்பா வருவதற்கு முந்தைய கதை. அவர் கண்ணால் பார்த்தது பீட்டர் தங்கராஜை. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் இருந்து வந்த உயரமான கோல்கீப்பர், கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். அப்புறம் மோகன் பகானின் அருமைநாயகம், பெங்களூர்த் தமிழர். குள்ளமாக இருப்பார், ஓரக்கோட்டில் சர்ரென்று போவார். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பேபி டாக்சி'. கேலரி முழுக்க வங்காளிகள் எழுந்து நின்று ஒரு தமிழனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்ட அன்றைக்குத்தான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று தோன்றியது என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார்.

இந்த ஊரில் கால்பந்து என்றால் மூன்று பெயர்தான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். கல்கத்தா லீகை 1958-ல் ஈஸ்டர்ன் ரயில்வே ஜெயித்தது. அதற்குப் பிறகு இந்த மூன்றையும் தாண்டி வேறொரு கிளப் ஜெயிக்க 2019 வரை ஆனது, அந்த வருஷம் பியர்லெஸ் ஜெயித்தது. நடுவில் அறுபத்தோரு வருஷம். நான் அப்பாவோடு மைதானுக்குப் போன வருஷங்கள் எல்லாம் இந்த அறுபத்தோரு வருஷத்துக்குள் அடங்கும். எங்கள் டீம் லீகை ஜெயித்து நான் பார்த்ததே இல்லை. ஜெயிக்கும் என்று அப்பா ஒருநாளும் சொன்னதும் இல்லை. "நல்லா ஆடுவாங்க, பாரு" என்பார், அவ்வளவுதான். பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஜெயிப்போம் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். தோற்றால் குழந்தைக்கு ஏமாற்றம் இரண்டு மடங்கு. ஆட்டம் ஒன்று, நீங்கள் சொன்ன சொல் இன்னொன்று.

எங்களை அந்த டீமோடு கட்டிப்போட்டது வேறு. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பார்கள். மாவட்டத்துப் பையன்கள், பாதிப் பேர் வீட்டில் முதல் சம்பளக்காரர்கள். பெரிய கிளப் கூப்பிட்டால் பணம் கிடைக்கும், ஆனால் முழங்கால் போனால் எல்லாம் போச்சு. ரயில்வேயில் ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும், பென்ஷன் இருக்கும். காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் வரை ஃபைல் பார்த்துவிட்டு, பிறகு பயிற்சிக்குப் போவார்கள். ஒருநாள் பள்ளி விடுமுறையில் அப்பா என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனபோது, முந்தின வாரம் முகமதனின் முன்வரிசைக்காரன் ஒருவனை ஆட்டம் முழுக்க நகரவே விடாமல் செய்த எங்கள் ரைட் பேக் (வலது பக்கத் தடுப்பாட்டக்காரர்), மரமேசையில் உட்கார்ந்து காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வந்து எனக்குச் சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்று கொடுத்தார். வலது காலில் கட்டுப் போட்டிருந்தது, செருப்பு போட முடியாமல் ஒரு காலை இழுத்து நடந்தார். அதன் பிறகு மைதானில் அவர் காலை யாராவது மிதித்தால் எனக்கு வலித்தது.

ஆபீசிலிருந்து அப்பா நேராக வந்துவிடுவார். என்னை அம்மா டிராமில் எஸ்பிளனேடு வரை கொண்டுவந்து விடுவாள். 1986-ல் மெட்ரோ காளிகாட் வழியாக டாலிகஞ்ச் வரை வந்த பிறகு அது இன்னும் சுலபம். டிராம் எனக்கு அதிகம் பிடிக்கும், மைதானின் பச்சையை ஒட்டியே வரும். மைதான் என்பது பெரிய பெரிய மரங்கள் நிற்கும் ஒரு திறந்த வெளி, ஒரு பக்கம் சௌரங்கி, இன்னொரு பக்கம் ஃபோர்ட் வில்லியம் கோட்டை. அதற்குள் கிளப்புகளின் கூடாரங்கள். கூடாரம் என்றுதான் பெயர், உள்ளே கட்டடமாகவே இருக்கும். அங்கே ஸ்டூவும் டோஸ்ட்டும் கிடைக்கும், எங்களுக்கு அது எப்போதாவதுதான். லீக் மழைக்காலத்தில் நடக்கும். அதனால் என் கால்பந்து நினைவு எல்லாம் ஈரமாகவே இருக்கிறது. சேறு, நனைந்த மரக் கேலரியின் வாசனை, காகிதக் கூம்பில் ஜால்முரி என்ற காரப் பொரி, அதில் ஊற்றிய கடுகெண்ணெய் மூக்கில் ஏறுவது, மண் குடுவையில் டீ. கோட்டைப் பக்கத்துச் சரிவில் டிக்கெட் இல்லாதவர்கள் நின்று பார்ப்பார்கள். அட்டையில் இரண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிய பெரிஸ்கோப்பை வைத்துக்கொண்டு முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே ஆட்டம் பார்த்த காலமும் இருந்தது என்று அப்பா சொல்வார். அதுமாதிரி ஒன்று வீட்டில் செய்து கொடுத்தார். அதை வைத்து மாடியிலிருந்து தெருவைப் பார்த்தேன், கேலரிக்கு அது தேவைப்படவில்லை. ரயில்வே ஆட்டத்துக்கு நாங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

உட்காரும் இடம் என்பது பலர் யோசிக்காத விஷயம், ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். குழந்தையோடு போகிறவர்கள் ஆசைப்பட்டு முதல் வரிசைக்குப் போவார்கள், பந்து பக்கத்தில் வரும் என்று. அங்கிருந்து பார்த்தால் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மறைந்து ஒரே கூட்டமாகத் தெரியும், பத்து நிமிஷத்தில் குழந்தைக்குச் சலித்துவிடும். அப்பா எப்போதும் மேலிருந்து மூன்றாவது நான்காவது வரிசை, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஆனால் படிக்கட்டின் மேலே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்தால் எழுந்து எழுந்து வழி விடவேண்டும், கூட்டம் தள்ளினால் முதலில் விழுவதும் அங்கேதான். கடைசி வரிசையும் வேண்டாம், பின்னால் பிடிமானம் இருக்காது. மழைக்குக் குடை கொண்டுபோனால் பின்னால் இருப்பவரோடு சண்டை, அதனால் பெரிய பாலிதீன் தாள் ஒன்று, இருவருக்கும் சேர்த்து. இன்னொரு பையில் மாற்றுச் சட்டை. செருப்பு வேண்டாம், நாடா கட்டும் ஷூ. மரப்பலகைகளின் இடைவெளியில் என் இடதுகால் செருப்பு விழுந்து, அதை எடுக்கக் கேலரிக்கு அடியில் போன அப்பா சேறும் கண்ணாடித் துண்டுமாகக் கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அம்மாவுக்கு மைதான் என்றாலே பயம். அதற்குக் காரணம் இருந்தது. 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் லீக் ஆட்டம். களத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்ள, கேலரியில் சண்டை மூண்டது. இரண்டு பக்க ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். தப்பிக்க ஓடிய நெரிசலில் பதினாறு பேர் செத்துப் போனார்கள். ஆட்டம் பார்க்கக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள். எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அம்மாக்கள் நின்றது நினைவிருக்கிறது, யார் யார் பையன் போயிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் இங்கே கால்பந்து ரசிகர் தினம் என்று ரத்ததானம் நடக்கும். அப்பா தவறாமல் போவார், பதினெட்டு வயதான பிறகு நானும் போனேன்.

அதனால் அம்மா போட்ட விதி, பத்து வயது வரை பெரிய ஆட்டம் கிடையாது. நான் அழுதிருக்கிறேன். இப்போது என் மகளுக்கு அதே விதியை நானே போட்டேன். விதி சரிதான். கூட்டம் ஆபத்து என்பது ஒன்று. அதைவிட, பெரிய ஆட்டத்தில் சின்னக் குழந்தைக்கு ஆட்டமே தெரியாது. எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தோள்களுக்கு நடுவில் கொடிதான் தெரியும், சத்தத்தில் நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது. முந்நூறு பேர் பார்க்கும் ஆட்டத்தில் பந்தை உதைக்கும் சத்தம் கேட்கும். கோல்கீப்பர் "இடது, இடது" என்று தன் ஆட்களைக் கத்துவது கேட்கும். ஒருவன் விழுந்து எழும்போது இன்னொருவன் கை கொடுப்பதும், கொடுக்காமல் போவதும் தெரியும். நான் கால்பந்தைக் கற்றுக்கொண்டது இந்தச் சத்தங்களில்.

பார்க்கக் கற்றுக்கொடுத்தது அப்பா. அவர் சொன்னது சின்ன வித்தை. "பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதேடா. ரைட் பேக்கை மட்டும் பாரு." முதலில் எரிச்சலாக இருந்தது. பந்து அந்தப் பக்கம், சத்தம் அந்தப் பக்கம், நான் ஏன் இங்கே சும்மா நிற்கும் ஆளைப் பார்க்கவேண்டும்? ஆனால் அவர் சும்மா நிற்கவில்லை. பந்து எங்கே போனாலும் இரண்டு அடி முன்னே, மூன்று அடி உள்ளே என்று நகர்ந்துகொண்டே இருந்தார். கையைக் காட்டி யாரையோ நிறுத்தினார். பந்து அவரிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பல்தான் அவர் ஆட்டமே. அதன் பிறகு எந்த ஆட்டம் பார்த்தாலும், டிவியில் உலகக் கோப்பை பார்த்தாலும், என் கண் முதலில் பந்தில்லாத ஆளைத் தேடும். குழந்தைகளோடு பார்க்கும்போது விதிகளை விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள், ஆஃப்சைடு எல்லாம் தானாக வரும். ஒரு ஆளைப் பிடித்துக் கொடுங்கள், பத்து நிமிஷத்துக்கு. பிறகு என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். என் மகள் ஒருமுறை, "அந்த ஏழாம் நம்பர் அண்ணா ரொம்ப நேரமா ஷூ நாடாவையே கட்டறார், அவருக்கு மூச்சு வாங்குது" என்றாள். சரியாகச் சொன்னாள், ஐந்து நிமிஷத்தில் அவரை மாற்றினார்கள்.

வசவு பற்றியும் பேசவேண்டும், எல்லோரும் மறைக்கிற விஷயம். கேலரியில் கெட்ட வார்த்தை வரும். நாலு பக்கமும் வரும். அப்பாவுக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஒருநாள் பின்வரிசையில் ஒருவர் குடித்துவிட்டு ரெஃப்ரியின் அம்மாவை, லைன்ஸ்மேனின் அக்காவை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா சண்டைக்குப் போகவில்லை. ஹாஃப் டைமில் என் கையைப் பிடித்து எழுந்து, கேலரியின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார். ஏன் அசிங்கம் என்றும் சொன்னார். பிறகு ரொம்ப நாள் எனக்கு அவற்றைச் சொல்லிப் பார்க்கும் ஆசையே வரவில்லை. நான் மகளிடம் அதையேதான் செய்கிறேன். காதைப் பொத்தினால் அந்த வார்த்தைக்கு மவுசு கூடிவிடும். இடம் மாறுங்கள், வீட்டில் அர்த்தம் சொல்லுங்கள். குடித்தவரிடம் நியாயம் பேச நிற்காதீர்கள், கூட இருப்பது குழந்தை.

நான் தொலைந்துபோனது 1985-ல். முகமதனுக்கு எதிரான ஆட்டம், கூட்டம் அதிகம். முடிந்து வெளியே வரும்போது குதிரைப் போலீஸ் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தது. ஒரு குதிரை பக்கவாட்டில் திரும்ப, கூட்டம் சட்டென்று பின்வாங்க, அப்பாவின் கை என் கையிலிருந்து நழுவியது. பதினொரு வயது. திரும்பினால் எல்லாம் முதுகு. அந்தப் பயம் இன்னும் வயிற்றில் இருக்கிறது. ஆனால் அப்பா முதல் நாளிலேயே ஓர் இடம் காட்டி வைத்திருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மழைமரம், அடியில் சுற்றிச் சிமெண்டுத் திண்ணை. "தொலைஞ்சா என்னைத் தேடாதே. இங்கே வந்து உட்காரு. நான் வருவேன்." நான் வந்து உட்கார்ந்தேன். இருட்டத் தொடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்பா கால்மணி நேரம் என்கிறார், எனக்கு அது ஒரு ராத்திரி. அவர் வந்து எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார், அவர் கை நடுங்கியது. அன்றைக்கு வேர்க்கடலை வாங்கித் தந்து, வீட்டில் சொல்லாதே என்று மட்டும் சொன்னார்.

இடம் குறித்து வைப்பதில் கவனிக்கவேண்டியது, அது நகராத இடமாக இருக்கவேண்டும். டீக்கடை, ஐஸ் வண்டி, போலீஸ் ஜீப் எல்லாம் ஆட்டம் முடியும்போது அங்கே இருக்காது. மைதானத்தின் கேட்டும் வேண்டாம், நெரிசலே அங்கேதான். கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, குழந்தை தூரத்திலிருந்தே அடையாளம் காணும் மரமோ கட்டடமோ. உள்ளே போகும்போதே நின்று காட்டுங்கள், குழந்தையை விட்டே ஒருமுறை வழி சொல்லச் சொல்லுங்கள். கைபேசி இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம், பெரிய கூட்டத்தில் சிக்னல் போய்விடும். நான் மகளின் சட்டைப்பையில் பேரும் என் எண்ணும் எழுதிய காகிதத்தைச் சின்ன ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன், மழைக்கு நனையாது.

வெளியேறுவதில் அப்பா கண்டிப்பு. கடைசி விசில் அடித்ததும் எழுந்து ஓடுவது கூடாது. ஒன்று, முடிவதற்கு ஏழெட்டு நிமிஷம் முன்னாலேயே கிளம்பவேண்டும். இல்லையென்றால் கேலரி பாதி காலியாகும் வரை உட்கார்ந்திருக்கவேண்டும். ஜூலை 13, 1997-ல் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் எனக்கு இது கைகொடுத்தது. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். உள்ளே லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் டைமண்ட் ஆட்டமுறை பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு, எதிர்ப்பக்கம் பயிற்சியாளர் எங்கள் பி.கே. பானர்ஜி. ஈஸ்ட் பெங்கால் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது, பைசுங் பூட்டியா மூன்று கோல். எனக்கு இருபத்து மூன்று வயது, கூட வந்த நண்பர்கள் விசில் அடித்ததும் கீழே ஓடினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து இறங்கினேன். அவர்களில் ஒருவன் வாசல் சந்தில் நசுங்கி, சட்டை கிழிந்து, மூச்சுத் திணறி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய விஷயம். உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரம் வீண் இல்லை. ஆட்டத்தைப் பற்றி நிதானமாகப் பேசக் கிடைக்கும் நேரம் அதுதான், டிராமில் ஏறிவிட்டால் தூக்கம் வந்துவிடும்.

கீழ்வீட்டுக் காக்குவுக்கு அன்று ராத்திரி கால் தரையில் படவில்லை. அவர்கள் குடும்பம் பிரிவினையில் டாக்காப் பக்கத்திலிருந்து வந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் மற்ற வீடுகளில் இறால், இது ஊர் வழக்கம். நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை, அதனால் காக்கிமா எங்களுக்குத் தனியாக நெய்யில் லுச்சி (மைதா பூரி) பொரித்துக் கொண்டுவருவாள், ஈஸ்ட் பெங்கால் தோற்ற நாளில்கூட ஒருமுறை கொண்டுவந்தாள். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்காலின் அந்தச் சிவப்பும் பொன்னிறமும் என்ன என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. பிள்ளையிடம் உங்கள் டீமைத் திணிக்காதீர்கள் என்று இதனால் சொல்கிறேன். காக்குவின் மகனே மோகன் பகான் பக்கம் போனான். அவர் ஒரு மாதம் முறைத்தார், அப்புறம் அவனுக்குப் பச்சையும் மெரூனும் போட்ட சட்டையை அவரே வாங்கிக் கொடுத்தார்.

இப்போது லீக் ஆட்டங்கள் மைதானில் மட்டும் நடப்பதில்லை, நைஹாட்டி, கல்யாணி, பாரக்பூர் என்று வெளியேயும் போகின்றன. மகளுக்குப் பதினொரு வயது. சியால்தாவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து நைஹாட்டி போவோம். 1911-ல் ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டைத் தோற்கடித்த ஆட்டத்துக்கு அன்றைய ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தனி ரயிலே விட்டதாம். அதை முதல் பயணத்தில் சொன்னேன். "அப்போ தாத்தா ஆபீஸா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன். பெண்குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள் கழிப்பறை விஷயத்தை முதலில் கவனியுங்கள். உள்ளே நுழைந்ததும் எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் இடம் பிடிப்பேன். ஒருமுறை பார்க்காமல் விட்டு, முதல் பாதியிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த மைதானங்களுக்கு அப்பாக்களும் பையன்களும் மட்டும் வந்துகொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம், இதைச் சரிசெய்ய யாரும் பெரிய ஸ்டேடியம் கட்ட வேண்டியதில்லை.

சாப்பாடு வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள், வெளியே ஜால்முரி மட்டும். ஆட்டத்துக்கு ஒருமணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றும் அந்த நேரம் குழந்தைகளுக்கு ஆட்டத்தைவிடப் பிடிக்கும், கோல்கீப்பர் வேலிப் பக்கம் வந்தால் பேசக்கூடச் செய்வார். முதல் முறை பாதியில் போகலாம் என்றால் போய்விடுங்கள். டிக்கெட் காசு வீணாகிறதே என்று உட்கார வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

அப்பாவுக்கு எண்பத்து நாலு ஆகிறது. கண்புரை அறுவை இரண்டும் ஆயிற்று, கேலரி ஏற முடியாது. நாங்கள் ரயில்வே ஆட்டத்துக்குப் போகும் நாளில் மதியமே சாய்வு நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், கிளம்பும்போது பாலிதீன் தாள் எடுத்தாயா என்று கேட்பார். போன மழைக்காலத்தில் ஒருநாள் ஒன்றுக்குப் பூஜ்ஜியம் என்று தோற்றுவிட்டுத் திரும்பினோம். ரயிலில் ஏறியதும் போன் வந்தது. ஸ்கோர் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"ரைட் பேக் எப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். நைஹாட்டியிலிருந்து பாரக்பூர் வரை விடவில்லை. தாத்தா, அவர் முதல்ல ரொம்ப உள்ளே நின்னார், அப்புறம் அந்தப் பதினொண்ணாம் நம்பர் இருக்கார் இல்ல, அவர் வந்ததும்.